மோத மறந்த வண்டி

ஒன்றும் தெரியாதவர்களால் பெரிய ஆபத்து வருவதில்லை. அவர்கள் யாரையாவது கேட்டுக் கேட்டுச் செய்துவிடுவார்கள். முழுதாகத் தெரிந்தவர்கள் ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்துச் செய்வார்கள். அரைகுறையாகத் தெரிந்து, அதோடு கொஞ்சம் பிடிவாதமும் சேர்ந்தால்தான் அம்பர்நாத் வரை ரயில் ஏறிப் போய், பெற்ற தகப்பன் கண் முன்னால் மானத்தைத் தொலைத்துவிட்டுத் திரும்ப முடியும். எனக்கு அந்த இரண்டுமே தாராளமாக இருந்தன.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு வண்டி ரோட்டுக்கு வருவதற்கு முன்பே அதைக் கம்ப்யூட்டருக்குள் செய்துகொண்டு, அதன் மேல் காற்று எப்படிப் போகிறது, சுவரில் மோதினால் எங்கே நசுங்குகிறது, உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது. நிஜ வண்டியை மோதினால் ஒரு வண்டி போச்சு. கம்ப்யூட்டரில் எத்தனை முறை வேண்டுமானாலும் மோதலாம், கரண்ட் பில்தான் ஏறும். எங்கள் வீட்டில் இதை யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள். "கம்ப்யூட்டர் வேல" என்பதோடு அம்மா நிறுத்திக்கொள்வாள். அப்பாவுக்கு அது போதாது. "எம் மவ கார ஒடைக்கிற கம்பேனில இருக்கா" என்று தாராவி முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். (இதைக் கேட்ட பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர், உடைத்தது போக மிச்சம் இருந்தால் தமக்கே போட வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டார். அப்பாவும் சரி என்று சொல்லியிருந்தார்.)

அப்பாவுக்குத் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை. ஒரு காலத்தில் அதற்குப் பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் வேலை செய்துகொண்டிருந்தவர் காதர் பாய். கடையநல்லூர்க்காரர். அப்பா அவரை "பாய்" என்பார், அவர் அப்பாவை "அண்ணாச்சி" என்பார். பிறகு பாய் அம்பர்நாத்துக்குப் போய், தள்ளுவண்டி செய்து, டெம்போவுக்குப் பெட்டி கட்டிக் கொடுத்து, கடைசியில் சொந்தமாகவே ஒரு சின்ன பேட்டரி வேன் செய்துவிட்டார். வீடு வீடாக மளிகை கொண்டுபோய்க் கொடுக்கிற ஒரு கம்பெனி அந்த வேனை வாங்க யோசித்துக்கொண்டிருந்தது. ஆனால் மோதல் கணக்கைக் காட்டினால்தான் பேச்சு என்று சொல்லிவிட்டார்கள். பாய் அப்பாவிடம் புலம்ப, அப்பா என்னைக் கைகாட்ட, செம்பூரில் ஒரு வங்கிக்கு மேல் மாடியில் இருந்த எங்கள் சின்னக் கம்பெனிக்கு அந்த வேலை வந்து சேர்ந்தது.

நான் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வேலை நிரந்தரம் ஆகவில்லை. எங்கள் முதலாளி ராகவன் சார் மாட்டுங்கா ஆள், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் வீடு. "இந்த வேலையை சீனியர் யார்கிட்டயாவது குடுத்துடலாம்மா. நீ கூட இருந்து பாத்துக்கோ" என்றார்.

"வேண்டாம் சார். நானே செய்றேன். நானே போய் காட்டுறேன்."

"கஸ்டமர் முன்னாடி நின்னு பேசியிருக்கியோ?"

"இல்ல சார். ஆனா பேசுவேன்."

"சரி, நீயே பண்ணு" என்றார். பாய் அப்பாவின் சிநேகிதர் என்பதால் மட்டுமே விட்டார் என்று பிறகு எனக்குப் புரிந்தது. அப்போது என் திறமையைக் கண்டுகொண்டுவிட்டார் என்று நினைத்தேன்.

வேலை நன்றாகத்தான் போனது. பாயின் வேன் ஒரு பிரிட்ஜைப் படுக்க வைத்துச் சக்கரம் மாட்டிய மாதிரி இருந்தது. அதன் மூக்கு ஓரங்களைக் கொஞ்சம் உருட்டினால் காற்று வழுக்கிக்கொண்டு போகும், பேட்டரி கூடுதல் தூரம் வரும் என்று கண்டுபிடித்துச் சொன்னேன். பாய் உடனே உருட்டிவிட்டார். அதோடு நிறுத்தாமல், அம்பர்நாத்தில் வைத்துக் காட்டுவதாகத் தேதி குறித்த பிறகு, முன்னால் ஒரு இரும்புச் சட்டத்தையும் மாற்றி வைத்து, "இதையும் சேத்துக் கணக்குப் போட்ரும்மா" என்று போன் செய்தார். அதனால் மோதலை மறுபடியும் முதலிலிருந்து ஓட்ட வேண்டியதாயிற்று.

புதுச் சட்டத்தை மாற்ற எனக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தச் சுவர் என் கண்ணை உறுத்தியது. எங்கள் தொழிலில் சுவர் என்றால் சாம்பல் நிறத்தில் ஒரு தட்டை. அவ்வளவுதான். காதர் பாயின் ஆட்கள், மளிகைக் கம்பெனி மேடம், எல்லாவற்றுக்கும் மேல் எங்கப்பா பார்க்கப் போகிற படத்தில் இப்படி ஒரு மொட்டைச் சுவரா? பழைய சுவரை அழித்தேன். புதிதாக ஒன்று வைத்து, அதற்குச் சிவப்புச் செங்கல், நடுவே சிமெண்டுக் கோடு, மேல் விளிம்பில் கொஞ்சம் பாசி எல்லாம் ஒட்டினேன். ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்திருக்கும் டம்மிப் பொம்மைக்கு ஆரஞ்சுச் சட்டை. (டம்மிக்குக் கைக்கடிகாரம் கட்டலாமா என்றும் யோசித்தேன். நேரம் இருக்கவில்லை.) இந்த அலங்காரத்துக்கே ஒரு நாள் போனது. பிறகு கணக்கை ஓட விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஒரு வண்டி சுவரில் மோதி நொறுங்குவது கண் சிமிட்டுகிற நேரம். அதைக் கணக்குப் போட ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அரை நாள் வேண்டும். கிளம்ப வேண்டிய அன்று காலையில்தான் படம் தயாராகி என் லேப்டாப்புக்கு வந்தது. ரயிலில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஊரே வேலைக்கு உள்ளே வருகிற நேரத்தில் நாங்கள் வெளியே போகிறோம். உட்கார இடம் கிடைக்கும்.

'நாங்கள்' என்றேனே, அப்பாவும் வந்தார். யாரும் கூப்பிடவில்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் பேனா. சயான் ஸ்டேஷனில் எனக்கு முன்பே போய் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க எங்கப்பா?"

"பாய் கூப்ட்டான்லா."

"எப்போ கூப்ட்டாங்க?"

"கூப்பிடாம இருப்பானா? என்ன பேச்சு பேசுத நீ."

ரயிலில் இடம் கிடைத்தது. லேப்டாப்பைத் திறந்தேன். மோதல் படத்தைத் தேடுகிறபோது காற்றுப் படம் முதலில் திறந்துகொண்டது. வேனின் மேல் சிவப்பும் நீலமும் பச்சையுமாகக் காற்று நூல் நூலாக வழிந்து போகும். பார்க்க அழகாக இருக்கும். அப்பா அப்படியே மலைத்துவிட்டார்.

"ஏளா, இத நீயா செஞ்ச?"

"ஆமாப்பா."

அவ்வளவுதான். எதிர் சீட்டுக்காரரின் முழங்காலைத் தட்டினார். "தேக்கோ, தேக்கோ. மேரா பேட்டி. ஹவா பனாத்தா ஹை" என்றார். (என் மகள் காற்று தயாரிக்கிறாள் என்று அர்த்தம்.) எதிர் சீட்டுக்காரர் பார்த்தார். அவர் பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். ஜன்னலோரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு அம்மா கீரையை மடியில் போட்டுவிட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் புதிதாக ஏறினவர்களுக்கு அப்பா முதலிலிருந்து போடச் சொன்னார். "மலரு, அந்தக் காத்துப் படத்த இவியளுக்கும் ஒருக்கா காட்டு." நானும் காட்டினேன். கூச்சமாக இருந்தது என்று எழுத ஆசைதான், ஆனால் எனக்குப் பிடித்திருந்தது. டோம்பிவிலி தாண்டும்போது விளக்கங்களைக்கூட நானே ஹிந்தியில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அம்பர்நாத் வந்துவிட்டது. மோதல் படத்தை நான் பார்க்கவில்லை.

பாயின் தொழிற்கூடத்தில் மெஷின்களை எல்லாம் நிறுத்தியிருந்தார்கள். வேலையாட்கள் டின் ஷீட்டுகள் மேலும் கவிழ்த்த டப்பாக்கள் மேலும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பக்கச் சுவரில் வெள்ளையடித்து, ப்ரொஜெக்டர் வெளிச்சம் விழ ஏற்பாடு. ராகவன் சார் தன் காரில் வந்து சேர்ந்திருந்தார். மளிகைக் கம்பெனியிலிருந்து குல்கர்ணி மேடம் வந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். எதற்கும் முகம் மாறாது. அவர் தலையசைத்தால்தான் பாயின் வேன்கள் விற்கும்.

"படம் பாத்துட்டியோன்னோ?" என்று சார் காதோடு கேட்டார்.

காலையிலிருந்து இரண்டு படத்தில் ஒன்றைத்தான் ஐம்பது முறை பார்த்திருந்தேன். "பாத்துட்டேன் சார்" என்றேன்.

காற்றுப் படம் பிரமாதமாகப் போனது. மேடம் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். ஒரு முறை மேடத்தின் புருவம் லேசாக உயர்ந்தது. சார் என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். எனக்கு உள்ளே ஒரு சர்க்கஸ் முதலாளி எழுந்து உட்கார்ந்துகொண்டான்.

"இப்போது மோதல்!" என்று மூன்று மொழியிலும் அறிவித்தேன்.

செங்கல் சுவர் வந்தது. பாசியோடு. "அடேயப்பா" என்று யாரோ சொன்னார்கள். இடது பக்கத்திலிருந்து வேன் வந்தது. மெதுவாகக் காட்டும் படம் என்பதால் நிதானமாக, யானை நடையில் வந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். வேனின் மூக்கு செங்கல்லைத் தொட்டது.

இந்த இடத்தில் மூக்கு மடிய வேண்டும். அப்பளம் நொறுங்குகிற மாதிரி நொறுங்க வேண்டும்.

மூக்கு சுவருக்குள் போனது. மூக்கைத் தொடர்ந்து முன் கண்ணாடி போனது. ஆரஞ்சுச் சட்டை டம்மி, ஸ்டியரிங்கில் இரண்டு கையும் வைத்து, நேரே பார்த்தபடி, மாமியார் வீட்டு விருந்துக்குப் போகிற மாப்பிள்ளை மாதிரி சுவருக்குள் போனது. பின் சக்கரமும் போனது. கொஞ்ச நேரம் சுவர் மட்டும் இருந்தது. பிறகு அந்தப் பக்கம் மூக்கு வெளியே வந்தது. கண்ணாடி வந்தது. டம்மி வந்தது. சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. வேன் அதே யானை நடையில் படத்தின் ஓரம் வரை போய், ஓரத்தையும் தாண்டி, அடுத்த ஊரான பத்லாபூர் பக்கமாகப் போய்விட்டது.

கூடம் அமைதியாக இருந்தது.

அப்போது ஒருவர் கைதட்டினார். திரும்பிப் பார்க்காமலே யாரென்று தெரிந்தது. எங்கப்பா எழுந்து நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார். "சுவத்தையே தாண்டிட்டுல்லா! ஒரு கீறல் உண்டுமா? பாத்தேளா!"

அவ்வளவுதான், கூடம் இடிகிற மாதிரி கைதட்டல். விசில். ஒரு ஆள் டப்பாவில் தாளம் போட்டார். பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. "மாஷா அல்லாஹ், அண்ணாச்சி, மாஷா அல்லாஹ்" என்று அப்பாவைக் கட்டிக்கொண்டார். குல்கர்ணி மேடம் மட்டும் தட்டவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னிடம் கேட்டார்: "தீவார் கோ க்யா ஹுவா?"

சுவருக்கு என்ன ஆனது? சுவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு செங்கல் அசையவில்லை. பாசிகூட அப்படியே இருந்தது.

எனக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது. கம்ப்யூட்டருக்குச் சுவர் என்றால் என்னவென்று தெரியாது. இந்த இரண்டும் ஒன்றையொன்று தொட்டால் தடுக்க வேண்டும், ஒன்றுக்குள் ஒன்று போகக் கூடாது என்று நாம்தான் தனியாகச் சொல்லிவைக்க வேண்டும். அதற்குக் கான்டாக்ட் என்று பெயர். நான் அந்தக் கான்டாக்டைப் பழைய சாம்பல் சுவருக்குக் கொடுத்திருந்தேன். அழகில்லை என்று அதை அழித்தபோது கான்டாக்டும் போய்விட்டது. புதுச் சுவர் வெறும் சினிமா செட்.

ராகவன் சாருக்கும் விளங்கிவிட்டது. மனிதர் நேர்மையானவர்தான். ஆனாலும் இத்தனை வருடம் கஸ்டமர்களோடு காலம் தள்ளியவர். உதட்டை அசைக்காமல் சொன்னார்: "டீ குடிக்கலாம்னு சொல்லிடு. நாளைக்கு சரியானதை மெயில்ல அனுப்பிடலாம். இங்க ஒண்ணும் வாயைத் திறக்காதே."

திறக்காமல் இருந்திருப்பேனோ என்னவோ. ஆனால் அதற்குள் பாய் போனை எடுத்துவிட்டார். "மாப்ள, நம்ம வண்டி சுவத்தையே தாண்டிட்டு! பயப்படவே வேண்டாம்ப்பா, நீயே மொதல்ல ஓட்டு" என்று மருமகனிடம் கத்திக்கொண்டிருந்தார்.

"இது தப்பு" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. மைக் எதுவும் இல்லை. ஒரு டப்பா மேல் ஏறினேன். "இது தப்பு! யே கலத் ஹை! வண்டி மோதவே இல்ல!"

கைதட்டல் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஓய்ந்தது. அப்பா முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, எடுத்து வைக்க இடம் தெரியாத மாதிரி.

"எது தப்புளா?"

"எல்லாமே தப்புப்பா. நான் சுவருக்குக் கெட்டியா இருன்னு சொல்ல மறந்துட்டேன். அது சுவரே இல்ல."

இதைத் தமிழில் ஒரு முறை, ஹிந்தியில் ஒரு முறை, மேடத்துக்காக ஆங்கிலத்தில் ஒரு முறை சொல்ல வேண்டியிருந்தது. எந்த மொழியிலும் அது புத்திசாலித்தனமாகக் கேட்கவில்லை. ஹிந்தியில் சொல்லி முடித்தபோது பின்வரிசையில் ஒருவர் தனியாகக் கைதட்டினார். வண்டியைப் பற்றி இன்னும் ஏதோ நல்ல செய்தி சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

குல்கர்ணி மேடம் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"மேடம், சாயங்காலத்துக்குள்ள சரியா ஓட்டிக் காட்டுறேன்" என்றேன். "அதுவரைக்கும் இங்கிருந்து நகர மாட்டேன்."

"பிராமிஸ் எல்லாம் பண்ணாதேம்மா" என்று சார் பல்லைக் கடித்தார்.

மேடம் என்னைப் பார்த்தார். டப்பா மேலிருந்து இன்னும் இறங்கியிருக்கவில்லை நான். இதே ஊரில் வேறொரு தொழிற்கூடத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது, போகிற வழியில் சாயங்காலம் எட்டிப் பார்ப்பேன், இருந்தால் காட்டுங்கள், இல்லாவிட்டால் பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த 'பரவாயில்லை'யில் எல்லாம் முடிந்துவிட்ட தொனி இருந்தது.

ஆபீஸ் கம்ப்யூட்டரை இங்கிருந்தே போன் நெட் மூலம் பிடித்து வேலை வாங்கலாம். ஆனால் தகரக் கூரைக்குள் நெட் வரவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கூடம் முழுக்கச் சுற்றினேன். கடைசியில் வெளியே கேட் ஓரத்தில், வாட்ச்மேன் நாற்காலி போட்டிருக்கும் இடத்தில்தான் இரண்டு கோடு சிக்னல் வந்தது. மழைக்காலம். தூறிக்கொண்டிருந்தது. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் லேப்டாப்பை வைத்து, வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே வரும் டெம்போக்காரர்கள் என்னிடம் கேட் பாஸை நீட்டினார்கள். இரண்டு பேருடையதை நான் வாங்கிப் பார்த்துத் தலையாட்டியும் விட்டேன்.

முதலில் அந்தச் செங்கல்லை அழித்தேன். பாசியை அழித்தேன். ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றினேன். கணக்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கோபத்தில் செய்தேன்.

தலைக்கு மேல் ஒரு குடை வந்தது. அப்பா. குடை என் தலைக்கு மேல் இல்லை, லேப்டாப்புக்கு மேல். நானும் அவரும் நனைந்துகொண்டிருந்தோம்.

"நீ என்னத்துக்கு வாயத் தொறந்த? எல்லாவனும் கைதட்டுனான்லா."

"தப்பானதுக்குத் தட்டினாங்கப்பா."

"தட்டுனானா இல்லியா?"

கான்டாக்டைச் சரியாகக் கொடுத்து ஓட விட்டேன். இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டது. கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு நீள நம்பர் உண்டு; சுவரின் நம்பரை அவசரத்தில் மாற்றி அடித்திருந்தேன். "எப்பா, இந்த நம்பரை ஒண்ணு ஒண்ணா வாசிங்க" என்றேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி சத்தமாக வாசித்தார். நான் அடித்தேன்.

"நிறுத்து. நானும் ஒரு தடவை பாத்துடறேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ராகவன் சார். மாட்டுங்காவில் ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்குப் போக வேண்டியவர், போகாமல் காரிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். குனிந்து வரி வரியாகப் பார்த்தார். "டம்மிக்கு சீட் பெல்ட் போட்டிருக்கே. ஆனா பெல்ட்டை வண்டியோட சேக்கவே இல்லையேம்மா" என்றார். சேர்த்தேன். இல்லாவிட்டால் மறுபடி மேடம் முன்னால் டம்மி பறந்து பத்லாபூர் போயிருக்கும்.

"சார், கல்யாணம்?"

"போனாப் போறது. பொண்ணு மாப்பிள்ளையாவது ஒழுங்கா சேந்திருப்பா."

கணக்கை ஓட விடுவதுதான் பாக்கி. முழு வேனுக்கும் அரை நாள் ஆகும். பின்பெட்டிக்கு மேலோட்டமாகவும் முன்பக்கத்துக்கு மட்டும் நுணுக்கமாகவும் கணக்குப் போட்டால் சாயங்காலத்துக்குள் முடியும் என்று சார் ஒத்துக்கொண்டார். அப்படியே ஓட விட்டேன். இனி செய்ய ஒன்றுமில்லை. நெட் அறுந்துவிடாமல் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். பாய் உள்ளேயிருந்து எங்களுக்கு முட்டைப் பிரியாணி கொடுத்தனுப்பினார். அவர் மட்டும் வரவில்லை.

சாப்பிட்டுக்கொண்டே அப்பா கேட்டார். "அதென்னளா, அந்தக் காண்டாக்டு?"

சொன்னேன். ஒரு பொருள் இன்னொன்றைத் தொட்டதும், உள்ளே விடாமல் தடுத்து நிறுத்துவது.

அவர் தலையாட்டினார். "அப்ப எனக்கும் ஒங்கம்மைக்கும் நடுவுல இருக்கது அதுதான். முப்பது வருசமா நான் சொல்லுதது எதுவும் உள்ள போவல பாத்துக்க."

காலையிலிருந்து முதல் முறையாக எனக்குச் சிரிப்பு வந்தது. சார் பிரியாணியில் முட்டையை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

மழை விட்டு வெளிச்சம் மஞ்சளாக மாறியபோது கணக்கு முடிந்தது. இந்த முறை முதலில் நானே பார்த்தேன். லேப்டாப்பைச் சாரிடம் திருப்பினேன். அவரும் பார்த்தார்.

"இதைக் காட்டணுமான்னு கேக்கறியா?" என்றார்.

"கேக்கல சார். காட்டப் போறேன்."

"ம். காட்டு."

குல்கர்ணி மேடம் சொன்னபடி வந்தார். அவர் வருவார் என்று அந்தக் கூடத்தில் யாரும் நம்பியிருக்கவில்லை. மெஷின்களை மறுபடி நிறுத்தினார்கள். இந்த முறை நான் எதையும் அறிவிக்கவில்லை. படத்தைப் போட்டேன்.

மொட்டைச் சாம்பல் சுவர். வேன் வந்தது. மோதியது. மூக்கு மடிந்தது. பாய் புதிதாக வைத்த இரும்புச் சட்டம் மடியாமல் விறைத்துக்கொண்டு நின்று, பின்னால் இருந்ததை எல்லாம் உள்ளே தள்ளியது. ஸ்டியரிங் தண்டு மேலே எழும்பி, டம்மியின் நெஞ்சில் போய் அழுந்தியது. பெல்ட் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. ஸ்டியரிங் அதுவாகவே தேடி வந்துவிட்டது. டம்மியின் தலை ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. படம் முடிந்தது.

யாரும் கைதட்டவில்லை.

"இன்னொருக்கா போடும்மா" என்றார் காதர் பாய்.

போட்டேன்.

"நிப்பாட்டு."

நிறுத்தினேன். அவர் எழுந்து சுவர் பக்கம் போனார். ப்ரொஜெக்டர் வெளிச்சம் அவர் முதுகில் விழுந்து, வேன் அவர் சட்டை மேல் தெரிந்தது. ஸ்டியரிங் நெஞ்சைத் தொடும் இடத்தில் விரலை வைத்தார்.

"இந்த எடத்துலதான் எம் மருமவன் உக்காந்திருப்பான், என்னம்மா?"

"ஆமா பாய்."

"இந்தச் சட்டத்த நாந்தான் வச்சேன்."

அவர் போனை எடுத்து, காலையில் பேசிய அதே ஆளைக் கூப்பிட்டார். "மாப்ள, நான் மொதல்ல சொன்னத விட்ரு. வண்டி இன்னும் ஆவல. நான் சொல்லுத வரைக்கும் அதுல ஏறாத. சாவி எங்கிட்டயே இருக்கட்டும்." போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "எங்கன வெட்டணும், எங்கன மடிக்கணும்னு சொல்லு மவளே. வெட்டிருவோம். நீ சொல்லாம நான் இனி ஒரு ஆணி அடிக்கல."

குல்கர்ணி மேடம் கைப்பையை மாட்டிக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பினார். சரிசெய்ததும் கூப்பிடுங்கள் என்றார். "லேகின் அகலி பார் பீ தீவார் கே சாத்." அடுத்த முறையும் சுவரோடு காட்டுங்கள் என்று அர்த்தம். முகம் மாறவில்லை. இன்றுவரை அது ஜோக்கா கட்டளையா என்று எனக்குத் தெரியாது.

திரும்புகிற ரயிலில் அப்பா யாருடைய முழங்காலையும் தட்டவில்லை. ரயில் கல்யாணில் நின்று கூட்டம் ஏறிக்கொண்டிருந்தபோது மெல்லச் சொன்னார்.

"மொதல்ல கைதட்டுனது நாந்தான்."

"தெரியும்ப்பா."

"அத ஒருத்தர்ட்டயும் சொல்லாத."

"சொல்ல மாட்டேன்."

"நீ டப்பா மேல ஏறி நின்னுகிட்டு கத்துனல்லா" என்று இன்னும் ஏதோ சொல்ல வந்தார். கூட்டம் நெருக்கியது. என் லேப்டாப் பையை வாங்கித் தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தாராவி வரை தரவில்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலையிலேயே அவர்தான் சொல்லிவிட்டார். பட்டறையில் சொன்னார், டீக்கடையில் சொன்னார், இரும்புக் கடைக்காரரிடம் சொன்னார். அவர் சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. இப்போது அவர் சொல்கிற கதையில் சுவர் நிஜச் சுவர். வண்டி நிஜ வண்டி. இரண்டையும் நான் ஒரு பட்டனைத் தட்டி ஒன்றுக்குள் ஒன்றாகப் போக வைத்தேன். பிறகு மழையில் நின்றபடி இன்னொரு பட்டனைத் தட்டிச் சரிசெய்தேன். குடை பிடித்தது மட்டும் மாறாமல் எல்லாக் கதையிலும் வரும்.

பாய் அந்தச் சட்டத்தை வெட்டினார், மடித்தார், நாங்கள் மோதினோம், மறுபடி வெட்டினார். பல மாதம் போனது. கடைசியில் ஸ்டியரிங் இருந்த இடத்திலேயே இருந்தது. முதல் வேனை அவர் மருமகன்தான் ஓட்டினான். மேடம் கம்பெனியும் வாங்கியது. என் வேலையும் நிரந்தரமானது. நிரந்தரம் என்று சொன்ன அதே மூச்சில் ராகவன் சார் ஒரு சட்டமும் போட்டார்: எங்கள் ஆபீசில் யாரும் சுவருக்குப் பெயின்ட் அடிக்கக் கூடாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அது ஏன் என்று புரியாது. யாராவது கேட்டால் எல்லோரும் என் மேஜைப் பக்கம் பார்ப்பார்கள்.

போன மாதம் குடும்பத்தோடு செம்பூரில் ஒரு துணிக்கடைக்குப் போயிருந்தோம். புதிதாகத் திறந்த கடை. வாசலில் ஆள் உயரத்துக்குக் கண்ணாடிக் கதவு. புத்தம் புதிதாகத் துடைத்து, கதவு இருப்பதே தெரியாமல் வைத்திருந்தார்கள். அம்மாவோடு ஏதோ வாக்குவாதத்தில் வேகமாக முன்னால் போன அப்பா நேராக அதில் போய் மோதினார். டொம்மென்று சத்தம். கடையே திரும்பிப் பார்த்தது. வாட்ச்மேன் ஓடி வந்தான். அம்மா "ஐயோ" என்றாள். நெற்றியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்த அப்பா, நாங்கள் யாரும் வாயைத் திறப்பதற்குள் கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார்.

"பதறாதிய" என்றார். "காண்டாக்டு சரியா குடுத்திருக்கானுவ."